ஆஃப் சீசனில் கடற்கரை, ஏரி, மலை: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆஃப் சீசனில் ஓர் அழகிய இடத்துக்குச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் அறை வாடகை எவ்வளவு குறையும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மாதத்தில் மற்றவர்கள் ஏன் அங்கே போவதில்லை? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால், எந்தத் தேதியில் புறப்படுவது, எங்கே தங்குவது, எதை எடுத்துச் செல்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும். விடை தெரியாமல் புறப்பட்டால், குறைந்த வாடகைக்குக் கிடைத்த அறையின் சன்னலுக்குள்ளிருந்தே பயணம் முழுவதையும் பார்த்து முடிக்க நேரிடலாம்.

முதல் படி: கூட்டம் இல்லாததன் காரணத்தைக் கண்டறியுங்கள்

ஓர் இடம் வெறிச்சோடுவதற்குப் பொதுவாக இரண்டு வகையான காரணங்கள் இருக்கும். ஒன்று, மனிதர்களின் நாள்காட்டி. பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், பண்டிகை விடுப்புகள் தீர்ந்திருக்கும், ஆனால் இடத்தின் இயல்பு அப்படியேதான் இருக்கும். மத்தியதரைக் கடற்கரைகள் செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு காலியாவது பெரும்பாலும் இதனால்தான். கடல் நீர் அப்போதும் நீந்தும் அளவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். புதிதாக ஆஃப் சீசன் பயணம் தொடங்குபவர்களுக்கு இந்த வகையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மற்றொன்று, இயற்கை. தாய்லாந்தின் புக்கெட் தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடற்கரைகளில் பேரலைகளை எழுப்புகிறது; அம்மாதங்களில் அங்கே சிவப்புக் கொடி பறப்பது வழக்கமான காட்சி. ஜப்பானின் ஃபூஜி மலையில் அதிகாரபூர்வ ஏறும் பருவம் ஜூலைத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மட்டுமே. அதற்குப் பின் தங்கும் குடில்களும் கழிப்பறைகளும் பூட்டப்பட்டு, உச்சிக்குச் செல்லும் பாதைகளும் மூடப்படுகின்றன. இத்தகைய இடங்களுக்கு அந்தக் காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் சீசனில் செல்பவர் செய்யும் அதே செயல்களை அங்கே செய்ய முடியாது. புக்கெட்டில் நீந்துவதற்குப் பதிலாக மழைக்காட்டையும் பழைய நகரத்தையும் பார்க்கலாம்; ஃபூஜியின் மேல் ஏறுவதற்குப் பதிலாக, காற்று தெளிந்திருக்கும் குளிர்கால மாதங்களில் அதன் அடிவார ஏரிகளின் கரையில் நின்று முழு மலையையும் காணலாம். அந்தக் காட்சிக்குக் கோடையைவிடக் குளிர்காலமே மேலானது.

இந்த இரண்டு காரணங்களோடு மூன்றாவது ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் வராததால் கடைகளும் படகுகளும் நின்றுவிடும். அவை நின்றுவிட்டதால் மேலும் ஆட்கள் வரமாட்டார்கள். வானிலை நன்றாக இருந்தும் ஊர் மூடிக்கிடப்பது இப்படித்தான். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மாதத்தையும் திசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே குளிர்கிறது. வட அரைக்கோளத்தில் வெயில் உச்சத்தில் இருப்பது ஜூன் இறுதியில். கடலின் மேற்பரப்பு மிகவும் வெப்பமாக இருப்பதோ பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். அதேபோல் கடல் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஆகவே ஒரே அளவு வெயில் அடிக்கும் இரண்டு மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், நீந்த விரும்புபவர் கோடைக்கு முந்தைய மாதத்தை விட்டுக் கோடைக்குப் பிந்தைய மாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழமான ஏரிகளில் இந்தத் தாமதம் இன்னும் தெளிவாகத் தெரியும். உலகின் மிக ஆழமான ஏரியான பைக்கால், சைபீரியாவின் கடுங்குளிருக்கு நடுவில் இருந்தும், பெரும்பாலும் ஜனவரியில்தான் முழுமையாக உறைகிறது. பின்னர் மே மாதம் வரை அதன் பனிக்கட்டி முற்றிலும் விலகுவதில்லை. உயர்மலைகளிலும் இதே கணக்குதான். வசந்த காலத்தில் அடிவாரத்தில் பூ பூத்திருக்கும்போது மேலே குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி கிடக்கும். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் அதே பாதை உலர்ந்து திறந்திருக்கும்.

அடுத்து திசை. ஒரு நாட்டின் பெயரை மட்டும் வைத்து அங்கே இப்போது சீசனா, இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது. இலங்கையின் தென்மேற்குக் கடற்கரைகள் மே முதல் செப்டம்பர் வரை கொந்தளிப்பாக இருக்கும்போது, திருகோணமலையும் அறுகம் குடாவும் அமைந்துள்ள கிழக்குக் கரையில் அதுவே நல்ல பருவம். தாய்லாந்தில் புக்கெட்டின் மழைக்காலம் முடியும் தறுவாயில், மறுபுறம் உள்ள கோ சாமூய் தீவில் பெருமழை தொடங்கி அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கிறது. கரீபியக் கடலும் இப்படித்தான். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எனக் கணக்கிடப்பட்டு, செப்டம்பரில் உச்சம் பெறுகிறது. ஆனால் தெற்கே தென் அமெரிக்கக் கரைக்கு அருகிலுள்ள அரூபா, பொனேர், குராசோ தீவுகளைச் சூறாவளிகள் நேரடியாகத் தாக்குவது அரிது. மலைகளில் ஒரு பக்கம் மழை பெய்து மறுபக்கம் வறண்டிருப்பதற்கு மழைமறைவு என்று பெயர். இமயத்தின் தென்சரிவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நனையும்போது, மலைத்தொடருக்கு அப்பால் உள்ள லடாக்கும் நேபாளத்தின் மேல் முஸ்தாங்கும் பெரும்பாலும் வறண்டே இருக்கின்றன. அங்கே செல்லும் வழி மழைப் பகுதியைக் கடந்து போகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்த மாதத்துக்கான வானிலைச் சராசரிகளைப் பார்க்கும்போது வெப்பநிலையோடு நிறுத்திவிடாதீர்கள். மொத்த மழையளவைவிட மழை பெய்யும் நாள்களின் எண்ணிக்கை பயணிக்கு அதிகம் உதவும். வெப்பமண்டலத்தில் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு வெளுக்கும் மழையும், நாள் முழுவதும் தூறும் மழையும் அட்டவணையில் ஒரே மில்லிமீட்டராகத் தெரியக்கூடும். பகல் நேரத்தின் நீளத்தையும் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இது பெரிதாக மாறாது. 50 பாகை வட அட்சரேகையில் டிசம்பர் இறுதியில் பகல் சுமார் 8 மணி நேரமே, 60 பாகையில் 6 மணி நேரத்துக்கும் குறைவு. காலை ஒன்பதுக்கு மேல் விடிந்து பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டும் ஊரில், கோடைக்கால வழிகாட்டிகள் ஒரே நாளில் செய்யச் சொல்லும் நடைப்பயணம் சாத்தியமாகாது.

மூன்றாம் படி: எது திறந்திருக்கும் என்பதை உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள்

சாலையிலிருந்து தொடங்குங்கள். உயரமான கணவாய்கள் குளிர்காலத்தில் மூடப்படுவது இயல்பு. கலிஃபோர்னியாவின் யோசமிட்டி பூங்காவைக் கடக்கும் டயோகா சாலை வழக்கமாக நவம்பர் வாக்கில் மூடப்பட்டு மே இறுதியிலோ அதற்குப் பிறகோதான் திறக்கிறது. சில கணவாய்களுக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கும். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய் பனியில் மூடினாலும், 1980-இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம் வழியே மறுபுறம் செல்லலாம். இமாசலப் பிரதேசத்தில் 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோத்தாங் கணவாய்க்கு 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கம் அதே உதவியைச் செய்கிறது. கைப்பேசியின் வரைபடம் காட்டும் மிகக் குறுகிய வழி எப்போதும் திறந்திருக்கும் வழி என்று நம்பாமல், அந்தப் பகுதியின் சாலைத் துறை வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள்.

பிறகு படகு, ரோப் கார், பேருந்து. ஐரோப்பாவின் பெரிய ஏரிகளில் குளிர்காலத்தில் படகுகள் குறைந்த நேர அட்டவணையில் ஓடுகின்றன. ஆல்ப்ஸ் மலைகளில் கோடைக்கும் பனிச்சறுக்குப் பருவத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில், குறிப்பாக ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும், மீண்டும் நவம்பரிலும், பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கிறார்கள். மலையடிவாரம் வரை சென்று, மேலே போக வழியில்லாமல் திரும்புவோர் பெரும்பாலும் இந்த வாரங்களில் வந்தவர்களே.

விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்புவதோடு நில்லாமல் தொலைபேசியில் பேசுவது நல்லது. அந்த வாரத்தில் உணவகம் நடக்குமா, அருகில் வேறெங்கு உணவு கிடைக்கும், அறையில் வெப்பமூட்டி உண்டா, சுடுநீர் எந்நேரமும் வருமா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். விடுதிகள் பழுதுபார்ப்பையும் வெள்ளையடிப்பையும் ஆஃப் சீசனுக்கென்றே ஒதுக்கிவைக்கின்றன. கோடைக்கென்று கட்டப்பட்ட கடற்கரை விடுதிகள் பலவற்றில் குளிரைத் தாங்க எந்த ஏற்பாடும் இருக்காது. முதல் பயணத்துக்கு, சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஊரைத் தவிர்த்து, மக்கள் ஆண்டு முழுவதும் வாழும் ஊரில் தங்குங்கள். பள்ளியும் மருத்துவமனையும் உள்ள ஊரில் கடையும் பேருந்தும் எல்லா மாதமும் இருக்கும்.

பணம் கட்டும்போது, கடைசி நேரத்தில் ரத்து செய்யவோ தேதி மாற்றவோ இடம் தரும் பதிவையே எடுங்கள். பணம் திரும்பக் கிடைக்காத மிக மலிவான பதிவு, வானிலை நிச்சயமற்ற மாதத்தில் லாபமில்லை. பயணக் காப்பீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு, பொதுவாக அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்பதில்லை.

நான்காம் படி: கடற்கரையில்

ஆஃப் சீசன் கடற்கரையில் முதலில் காணாமற்போவது உயிர்காப்பாளர்கள். பல நாடுகளில் அவர்கள் பணி சீசனோடு முடிந்துவிடுகிறது. ஆகவே கோடையில் பாதுகாப்பாகக் குளித்த அதே இடத்தில், இப்போது ஏதேனும் நேர்ந்தால் பார்ப்பதற்கே ஆள் இருக்கமாட்டார். காவல் இல்லாத கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதுதான் புதியவருக்கு நான் சொல்லும் விதி. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

கரையை மோதிய நீர் கடலுக்குள் திரும்பிச் செல்லும் குறுகிய இழுப்பு நீரோட்டம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேலான வேகத்தையும் எட்டக்கூடும். எந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அலைகள் உடைந்து நுரைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே நீர் அமைதியாகவும் கருத்தும் தெரிந்தால், அழகாக இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிடக் கூடாது; பெரும்பாலும் நீரோட்டம் ஓடும் வழி அதுதான். அதில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி கையசைத்து உதவி கேட்க வேண்டும்; வலு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தின் அகலத்தைக் கடந்து, பிறகு கரை நோக்கித் திரும்ப வேண்டும்.

நீரில் இறங்காதவர்களுக்கும் ஆபத்து உண்டு. தொலைவில் வீசிய புயல் எழுப்பும் நீண்ட அலைகள், காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரெனக் கரையில் வெகுதூரம் ஏறிவரும். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் கரையில் நின்றிருந்தவர்களையே இத்தகைய அலைகள் இழுத்துச் சென்றிருக்கின்றன. மணல் எதுவரை ஈரமாக இருக்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே நில்லுங்கள். படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பாறை முனைகளைச் சுற்றி நடப்பதற்கு முன், கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் உயரும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது மேலும் கூடும். போகும்போது மணலாக இருந்த வழி திரும்பும்போது கடலாகியிருக்கலாம்.

ஆளில்லாத கடற்கரை விலங்குகளுக்கு உரிய காலமாகவும் இருக்கும். பிரிட்டனின் சில கரைகளில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் குட்டி ஈனுகின்றன. தாய் அருகே வராமல் போய்விடும் என்பதால், குட்டி தனியாகக் கிடந்தாலும் நெருங்கக் கூடாது. ஆமைகள் முட்டையிடும் கரைகளில் இரவில் டார்ச் அடிப்பதையும் அப்படியே தவிர்க்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் நான் இந்தக் காலத்தையே விரும்புகிறேன். சூரியன் தாழ்ந்து நகர்வதால் நாள் முழுவதும் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கிறது. நடைக்கும் படத்துக்கும் பறவைகளைக் காண்பதற்கும் சீசனின் நண்பகல் வெயில் இதற்கு ஈடாகாது.

ஐந்தாம் படி: ஏரியில்

ஏரி அமைதியாகத் தெரிவதால் மக்கள் அதைக் கடலைவிடக் குறைவாக அஞ்சுகிறார்கள். வசந்த காலத்தில் காற்று இதமாக இருக்கும் நாளிலும் நீர் உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கலாம். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால்கள் செயல்படும் வலுவை இழக்கும். உடல்வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பலர் இறப்பது அந்த முதல் நிமிடத்தில் நீரைக் குடித்துவிடுவதால்தான். எனவே படகிலோ கயாக்கிலோ ஏறும்போது உயிர்காப்பு உடையை மடியில் வைத்துக்கொள்ளாமல் அணிந்துகொள்ளுங்கள்.

உறைந்த ஏரியின் மேல் நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடித்த, தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும் என்பது பரவலான அளவுகோல். ஆனால் ஓடை வந்து சேரும் இடத்திலும், பாலத்தின் அடியிலும், நாணல் அருகிலும் தடிமன் வேறுபடும். வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும் பனிக்கட்டி வலுவற்றது. உள்ளூர் நிர்வாகம் திறந்துவிட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்காமல் இருப்பதே புதியவருக்கு ஏற்றது.

செய்ய வேண்டியது எளிது: விடியலில் எழுந்து கரைக்குப் போங்கள். இரவு குளிர்ந்து ஏரி வெதுவெதுப்பாக இருக்கும் இலையுதிர் காலக் காலைகளில் நீரின் மேல் மூடுபனி எழும். காற்று எழுவதற்கு முன் மலையின் முழு நிழலும் நீரில் கிடக்கும்.

ஆறாம் படி: மலையில்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் பாகை குறைகிறது. அடிவார ஊரின் வானிலையைப் பார்த்துவிட்டு மேலே போகிறவர் இந்தக் கழித்தலைத் தவறாமல் செய்ய வேண்டும். அதோடு காற்றின் வேகமும் சேரும்போது உடல் உணரும் குளிர் இன்னும் கடுமையாக இருக்கும். புற ஊதாக் கதிர் இதற்கு நேர்மாறாக 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி வீசும். குளிர்கிறதே என்று கறுப்புக் கண்ணாடியை விட்டுச் செல்லாதீர்கள். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தோன்றக்கூடும். அறிகுறி வலுத்தால் கீழே இறங்குவதே மருந்து. ஆஃப் சீசனில் உதவி வருவதற்கு நேரமாகும் என்பதால் இந்த முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

பனி மலைகளில் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1 முதல் 5 வரையிலான அபாய அளவை நாள்தோறும் வெளியிடுகிறார்கள். 3 என்ற எண் நடுவில் இருப்பதால் மிதமானது என்று எண்ணிவிட வேண்டாம். அது குறிப்பிடத்தக்க அபாயம். பயிற்சி இல்லாதவர் அந்தச் சரிவுகளையும் அவற்றின் அடியில் செல்லும் பாதைகளையும் விட்டுவிட்டு, பள்ளத்தாக்கின் சமதளப் பாதைகளில் நடக்கலாம்.

மழைக்கால மலையில் அச்சம் சாலையில்தான். பல மணி நேரம் பெருமழை பெய்த பிறகு நிலச்சரிவு ஏற்படும் பகுதிகளில், மழை நின்றவுடன் புறப்படாமல் சாலை சரிபார்க்கப்படும் வரை காத்திருங்கள்; இரவில் பயணம் செய்யாதீர்கள். பனி உருகி வரும் ஓடைகளில் நீர் அதிகாலையில் குறைவாகவும் பிற்பகலுக்குப் பின் மிகுதியாகவும் இருக்கும் என்பதால், கடக்க வேண்டியவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். சேறான பாதையில் சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடந்தால் பாதை அகன்று செடிகள் அழியும்; நடுவிலேயே நடக்க ஏற்ற காலணியை அணிந்து செல்லுங்கள்.

ஏழாம் படி: பையும் அன்றாட ஒழுங்கும்

ஒரே தடித்த மேலாடையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: வியர்வையை வெளியேற்றும் உள்ளுடை, வெப்பம் காக்கும் கம்பளியோ ஃபிளீஸோ, காற்றும் மழையும் புகாத மேலுறை. நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் மலைக்கு அது ஆகாது. நெற்றியில் மாட்டும் டார்ச், ஒரு வேளைக்கான உணவு, சிறிது ரொக்கம், பவர் பேங்க் ஆகியவை போதும். குளிரில் பேட்டரி விரைவாக இறங்கும். கைப்பேசியை உட்பையில் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை முன்னறிவிப்பை முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கு நம்பலாம். அதற்கு அப்பால் உள்ளதை ஒரு போக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம் என்று கட்டிப்போடாமல், வெளியில் செய்பவை, கூரைக்குக் கீழ் செய்பவை என இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டு, முந்தைய மாலை முன்னறிவிப்பைப் பார்த்து மறுநாளை முடிவு செய்யுங்கள். வெளியே கிளம்பும்போது எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பாதையில் வேறு பயணிகள் இல்லாத மாதத்தில், உங்களைக் காணவில்லை என்று முதலில் அறியக்கூடியவர் விடுதிக்காரர்தான்.

கடைசி நாளைத் தீவிலோ மலை உச்சியிலோ வைக்காதீர்கள். கொந்தளிப்பால் படகு நின்றாலும், பனியால் சாலை மூடினாலும் ஒரு முழு நாள் கையில் இருக்குமாறு, விமானமோ ரயிலோ புறப்படும் நகரத்துக்கு முந்தைய நாளே வந்து சேருங்கள்.